லடாக் பேக்கேஜ் புக் பண்றவங்க பாங்காங் எத்தனாவது நாள்னு முதல்ல பாருங்க

ஒருவழியா லடாக் போய்ட்டு வந்தாச்சு. அக்காவும் நானும் ஸ்கூல் படிக்கிற காலத்துல இருந்து பேசிப் பேசி ஆசைப்பட்ட இடம், பிள்ளைங்க படிப்பு, வீட்டுக் கடன்னு தள்ளிப் போய்க்கிட்டே இருந்து இந்த ஜூன்லதான் கைகூடிச்சு. பார்க்க நினைச்சதெல்லாம் பார்த்துட்டோம், ஆனா எங்களுக்கு புக் பண்ணிக் குடுத்த டூர் ஏஜென்ட்டை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

டிக்கெட், ஹோட்டல் எல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருந்தாங்க. வில்லங்கம் ஐட்டினரில. முதல் நாள் காலைல லடாக்கோட முக்கிய ஊரான லே-ல இறக்கம், மறுநாள் விடியக்காலைலயே கிளம்பி நேரா பாங்காங் ஏரி, நைட் அங்கேயே டென்ட்ல, அப்புறம் லே, அதுக்கப்புறம் நுப்ரா பள்ளத்தாக்கு. இதைப் பார்த்ததுமே எங்க வீட்டுக்காரர் போன் போட்டுக் கேட்டாரு. லே-யே கிட்டத்தட்ட 11,500 அடி, பாங்காங் சுமார் 14,000 அடி, போற வழில சாங் லா கணவாய் 17,500 அடிக்கும் மேல ஏறி இறங்கணும், டெல்லில இருந்து ஒண்ணரை மணி நேரத்துல ப்ளேன்ல கொண்டு போய் இறக்கின உடம்பை மறுநாளே ஆக்சிஜன் அவ்வளவு கம்மியா இருக்கிற அந்த உயரத்துக்கு ஏத்தினா என்ன ஆகும்னு. அதுக்கு வந்த பதில், "சார், நாங்க எவ்வளவோ குரூப் அனுப்பிட்டோம், ஒரு டப்பா கற்பூரம் வாங்கி வச்சுக்கோங்க, அப்பப்ப மோந்து பார்த்தா போதும்." கற்பூரத்தை மோந்தா மூக்கு ஜில்லுனு இருக்கும், அவ்வளவுதாங்க, ரத்தத்துல ஆக்சிஜன் ஏறாது. இதை நம்பி வயசானவங்களைக் கூட்டிட்டுப் போறவங்க இருக்காங்கன்னு நினைச்சாலே பதறுது. மாத்தித் தாங்கன்னு எத்தனை தடவ கேட்டும் கேம்ப் புக் ஆயிடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க.

லே ஏர்போர்ட்ல இறங்கினதும் அடுத்தது. அக்கா போன் செத்துப் போச்சு. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்லயும் லடாக்லயும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும். இதை ஏஜென்ட் ஒரு வார்த்தை சொல்லல. அக்காவோட அக்கவுண்ட், ஓடிபி எல்லாம் அந்த நம்பர்லதான், அதனால திரும்பி டெல்லி வர்ற வரைக்கும் அவ பணத்தை அவளாலயே எடுத்து அனுப்ப முடியல. போறவங்க ஊர்லயே நம்பரை போஸ்ட்பெய்டுக்கு மாத்திடுங்க, கடைசி நேரத்துல மாத்தாதீங்க, ஆக்டிவேட் ஆக டைம் எடுக்கும். லே தாண்டினா அந்த சிக்னலும் சந்தேகம்தான், கையில நோட்டா பணம் வச்சுக்கோங்க.

அன்னிக்கு முழுக்க ரூமை விட்டு வெளிய போகல, தண்ணியும் சூப்புமா குடிச்சோம். ஆனாலும் நைட்டு ரெண்டு மணிக்கு அக்கா என்னை உலுக்கி எழுப்புனா. "ஏட்டி, தலை ரெண்டா பொளந்துரும் போல இருக்கு"ன்னா, சொல்லி முடிக்கிறதுக்குள்ள வாந்தி. ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்டுற பல்ஸ் ஆக்சிமீட்டரை ஊர்ல இருந்தே கொண்டு போயிருந்தோம், அதை விரல்ல மாட்டினா முதல்ல நம்பரே வரல, விரல் அவ்வளவு சில்லுனு இருந்துச்சு, ரெண்டு கையாலயும் தேய்ச்சு சூடாக்கி மறுபடி மாட்டினா 74. எனக்குப் போட்டுப் பார்த்தா 86. அந்த உயரத்துல எல்லாருக்குமே நம்பர் குறையும்னு தெரியும், ஆனா 74 பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிருச்சு. ஹோட்டல்காரர் தூக்கத்துல இருந்து எழுந்து வந்து ஆக்சிஜன் சிலிண்டர் வச்சுக் குடுத்து, அவர் வண்டிலயே எஸ்என்எம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அது கவர்மென்ட் ஆஸ்பத்திரி, இந்த மாதிரி மூச்சு முட்டி வர்றவங்களை தினமும் பார்க்குறாங்க, அவ்வளவு நிதானமா, அன்பா கவனிச்சாங்க. நெஞ்சுல ஸ்டெத் வச்சுப் பார்த்துட்டு நுரையீரல்ல நீர் சேரல, பயப்படாதீங்கன்னாங்க. தலைவலி, வாந்தி சுத்தமா நிக்கிற வரைக்கும் இதை விட உயரத்துக்கு ஒரு அடி கூட ஏறக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி அனுப்பினாங்க.

இதை காலைல ஏஜென்ட்கிட்ட சொன்னா, "மேடம், எல்லாருக்கும் வர்றதுதான், பாங்காங் போய் அந்தக் காத்து பட்டா சரியாயிடும், வண்டி வெளிய நிக்குது"ங்கிறாங்க! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டை போட்டோ எடுத்து அனுப்பிட்டு, அக்கா எங்கயும் வர மாட்டா, பிளானை மாத்துங்கன்னேன். கேம்ப் பணம் திரும்ப வராது, மாத்துறதுக்கு ஆளுக்கு இவ்வளவு எக்ஸ்ட்ரான்னு ஒரு தொகை சொன்னாங்க. அதையும் ஹோட்டல்காரர்தான் தீர்த்து வச்சாரு. பாங்காங் கேம்ப்காரரை நேரா போன்ல பிடிச்சு லடாக்கி மொழில ரெண்டு நிமிஷம் பேசினாரு, தேதி மாறிடுச்சு, ஒரு ரூபா எக்ஸ்ட்ரா கேக்கல. அப்ப எங்ககிட்ட கேட்ட அந்தத் தொகை யாருக்கு?

அப்புறம் நாங்களே பிளானைத் திருப்பிப் போட்டோம். தலைவலி போற வரைக்கும் லே, அப்புறம் நுப்ரா, கடைசியாத்தான் பாங்காங். காரணம் இதுதான், பகல்ல எவ்வளவு உயரம் ஏறினோம்ங்கிறதை விட நைட் எந்த உயரத்துல தூங்குறோம்ங்கிறதுதான் முக்கியம். நுப்ரால ஹுண்டர், திஸ்கித் எல்லாம் லே-யை விடத் தாழ்வு, சுமார் 10,000 அடிதான். வழில கார்துங் லா கணவாய் 17,582 அடி ஏறித்தான் ஆகணும், ஆனா அங்க இறங்கி ஒரு போட்டோ, கால் மணி நேரத்துக்குள்ள கிளம்பிடணும், அந்தப் பக்கம் இறங்கிட்டா மூச்சு தானா சீராகுது. இந்த உயரத்துத் தலைவலி, வாந்தி வராம இருக்க எடுக்கிற டயமாக்ஸ் மாத்திரையை ஊர்லயே டாக்டரைப் பார்த்துக் கேட்டுட்டு ஆரம்பிங்க, சல்ஃபா மருந்து ஒத்துக்காதுன்னா கட்டாயம் சொல்லிடுங்க. விரல் நுனி குறுகுறுக்கும், அடிக்கடி பாத்ரூம் வரும், அது மாத்திரையோட குணம்.

நுப்ரா கிளம்புறதுக்கு முந்தின சாயங்காலம் இன்னொரு கூத்து. டிரைவர் வந்து, "தீதி, என்விரான்மென்ட் ஃபீ ரசீது எங்க?"ன்னு கேட்டாரு. எல்லைப் பக்கம் போக வாங்க வேண்டியிருந்த இன்னர் லைன் பர்மிட்டை இந்தியர்களுக்கு 2021லயே எடுத்துட்டாங்க, ஆனா அந்த ஃபீ ஆன்லைன்ல கட்டி ரசீது கையில இருக்கணும், செக்போஸ்ட்ல கேப்பாங்க. பேக்கேஜ்ல அதுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினாங்க, கட்டவே இல்ல. மெயின் மார்க்கெட் பக்கம் ஒரு பிரவுசிங் கடை மூடுற நேரத்துக்கு ஓடிப் போய் கட்டி, பிரிண்ட் நாலு காப்பி எடுத்துக்கிட்டோம். நம்ம ஊர் இனிஷியல் பேருக்கு, ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே டைப் பண்ணுங்க.

நுப்ரா சுகமா முடிஞ்சுது, ரெட்டைத் திமில் ஒட்டகம், திஸ்கித் மடம் எல்லாம் பார்த்தோம். பாங்காங்ல வண்டி நின்னதும் அக்கா கையில ஆக்சிமீட்டரை மாட்டிட்டுத்தான் இறங்க விட்டேன், 83. கரையில உக்காந்து ஏரித் தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பார்த்துட்டு, "ஏட்டி, நிஜமாவே உப்புக் கரிக்குதே"ன்னா. அன்னிக்கு நைட்டு டென்ட்ல நல்லாத் தூங்கினா, எனக்கு அது போதும்.

ஊர் வந்ததும் முதல் வேலையா ஆஸ்பத்திரி சீட்டு, ஃபீ ரசீது, கேம்ப்காரர் குடுத்த பில் எல்லாத்தையும் சேர்த்து ஏஜென்ட்டுக்கு மெயில் போட்டேன். என்விரான்மென்ட் ஃபீ பணம் மட்டும் திரும்ப வந்துருக்கு, அந்த முதல் வண்டிக்கு வாங்கின வாடகை இன்னும் வரல. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சாச்சு, விடுறதா இல்ல.