மட்டக்களப்பிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு: பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரியர்களுக்கு

பேராதனை அரச தாவரவியல் பூங்கா 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி வளைத்து ஓடுகிறது. மட்டக்களப்பிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ வரும் பாடசாலை பஸ் அதன் வாசலில் நிற்கும்போது பெரும்பாலும் காலை பத்தரை தாண்டிவிடும். பிள்ளைகளில் பலர் மலையேறும் பதினெட்டு வளைவு வீதியில் சத்தியெடுத்துக் களைத்திருப்பார்கள். நிகழ்ச்சி நிரலிலோ பின்னேரம் தலதா மாளிகை, அதன்பிறகு கண்டி டவுனில் கடை என்று எழுதியிருக்கும். அந்த நிலையில் எந்த வழிகாட்டி வந்து எதைச் சொன்னாலும் தலையில் ஏறாது. இந்தச் சுற்றுலாக்களை ஒழுங்குசெய்து வரும் ஆசிரியர்களாகிய நாங்கள் கண்டது இதுதான்: உள்ளே பிள்ளை எதைக் கற்கும் என்பது வாசலுக்கு வெளியே, ஒரு மாதத்துக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

முதலில் நாள். எங்கள் பக்கம் மழை முடிந்து, கண்டியிலும் வானம் வெளித்திருக்கும் பெப்ரவரி, மார்ச் நல்லது. இல்ல விளையாட்டுப் போட்டியோடு மோதும் என்பதால் அதிபரிடம் முந்திப் பேசி வைக்கவேண்டும். சனி, ஞாயிறு, போயா நாட்களில் நாடு முழுவதும் பேராதனையில்தான் நிற்கும். வழிகாட்டியின் குரல் மூன்றாவது வரிசைக்கே கேட்காது. கண்டி எசல பெரஹரா நாட்களில் வீதிகளை மூடுவார்கள், பஸ் டவுனைக் கடக்கவே நேரம் போய்விடும். முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் வெள்ளிக்கிழமையை விடுங்கள், ஜும்மாவுக்காக நிரலை நடுவில் உடைக்க வேண்டிவரும். ஆகச் சிறந்தது செவ்வாய் அல்லது புதன்.

கடிதங்களில் பிந்துவது வலயக் கல்விப் பணிமனை அனுமதி. அதிபரின் கோரிக்கைக் கடிதம், பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், கூடப்போகும் ஆசிரியர் பட்டியல், பெற்றோர் சம்மதக் கடிதங்கள், மணி நேரப்படி எழுதிய பயண நிரல், பஸ்ஸின் காப்புறுதி, வழி அனுமதிப் பத்திரம், சாரதியின் அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி ஒரே தடவையில் கொடுங்கள். திரும்பி வருகிற கோப்புகளில் அனேகமாகக் குறைவது பஸ் பத்திரங்கள்தான். பஸ்காரர் முதலில் ஒரு பஸ்ஸைப் பேசுவார், கடைசி நேரத்தில் வேறொன்றை அனுப்புவார். பத்திரத்தில் உள்ள இலக்கமும் வாசலில் நிற்கும் பஸ்ஸின் இலக்கமும் பொருந்தாது. முற்பணம் கொடுக்கும்போதே இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகள் போனால் ஆசிரியைகள் கட்டாயம் இருக்கவேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று வைத்தால் பூங்காவுக்குள் தலை எண்ணுவது சுகம்.

பூங்கா நிர்வாகத்துக்குத் தனிக் கடிதம். அதில் வகுப்பு, எண்ணிக்கை, வரும் நேரம், எந்தப் பாடத்துக்காக வருகிறோம் என்பதோடு, தமிழில் விளக்கக்கூடிய வழிகாட்டி வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். இது எழுதாமல் போனால் கிடைப்பவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசுவார், ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பார், ஒவ்வொரு மரத்தடியிலும் இரட்டிப்பு நேரம் போகும். தமிழ் வழிகாட்டி இல்லை என்று பதில் வந்தால் பயணத்தை நிறுத்தத் தேவையில்லை. நிற்கும் இடங்களைப் பாதியாகக் குறைத்து, விளக்கக் குறிப்பை முதல் வாரமே வகுப்பில் படித்துவிட்டுப் போகலாம். கட்டணம் காலத்துக்குக் காலம் மாறுவதால் போனில் கேட்டே வரவுசெலவு போடவேண்டும். அதிபரின் கடிதத்தின் மூலப்பிரதி கையில் இருக்கட்டும். பிள்ளைகளின் காசை முதல் நாளே சேர்த்து ஒரே தொகையாக வைத்திருங்கள். வாசலில் வைத்துச் சில்லறை பொறுக்கிய குழுவுக்கு அரை மணி நேரம் போய்விட்டது.

வீதிக்கு வருவோம். மட்டக்களப்பார் செங்கலடி, மகாஓயா, பதியத்தலாவை, மகியங்கனை, ஹசலக வழியாகப் பதினெட்டு வளைவு ஏறி, தெல்தெனிய, திகன கடந்து கண்டிக்கு வருவார்கள். அம்பாறையிலிருந்து உகன வழியாக மகாஓயாவில் இதே வீதியில் ஏறலாம். பிள்ளைகளோடு இடையில் நிற்கும் நேரமும் சேர்த்து ஆறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பேராதனை கண்டி டவுனுக்கு அப்பால், கொழும்பு வீதியில் இருப்பதால் டவுன் நெரிசலையும் கடந்தாக வேண்டும். காலை ஏழிலிருந்து எட்டு, பகல் ஒன்றரையிலிருந்து இரண்டரை இரண்டும் மோசம்.

இரவு ஒரு மணிக்குக் கிளம்பி ஒரே நாளில் போய்வருவதை நாங்கள் விரும்புவதில்லை. மகாஓயாப் பக்கம் இரவில் யானை நிற்கும். சாரதி தூக்கமில்லாமல் போய், அதே நாள் பின்னேரம் அந்த வளைவுகளில் திரும்பி இறங்கவேண்டும். முதல் நாள் காலை பத்து மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்தோடு கண்டி சேரலாம். ஏதாவதொரு பாடசாலை மண்டபத்தில் இராத்தங்கி, அடுத்த நாள் ஏழு மணிக்கு முன் டவுனைக் கடந்து பேராதனையில் நிற்கலாம். பூங்கா ஏழரைக்குத் திறக்கும். செலவு கூடும்தான். ஆனால் அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் வெயிலும் இல்லை, சனமும் இல்லை.

சத்தி விசயத்தை வெட்கப்படாமல் திட்டமிடவேண்டும். வளைவு ஏறுமுன் மகியங்கனையில் வயிறு நிறையச் சாப்பிட விடாதீர்கள். பணிஸ் ஒன்றும் வெறும் தேநீரும் போதும். சத்திக் குளிசை தேவையான பிள்ளைக்குப் பெற்றோரே எழுதித் தந்து, கிளம்புமுன் அவர்களே கொடுக்கட்டும். ஆசிரியர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடாது. முன் இருக்கைகள் சாரதியின் சிநேகிதருக்கு அல்ல, சத்தியெடுக்கும் பிள்ளைகளுக்கு. பிள்ளைக்கு இரண்டு ஷொப்பிங் பேக், ஒன்றுக்குள் ஒன்று வைத்து. கூடவே பழைய பத்திரிகை, தேசிக்காய், ஒரு வாளி தண்ணீர்.

மலசலகூடத்துக்கும் கணக்கு உண்டு. நாற்பது பெண்பிள்ளைகள், இரண்டு அறை, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலே நாற்பது நிமிடம். வீதியில் எங்கே நிற்பது என்பதை அறைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள், தேநீரின் ருசியைப் பார்த்தல்ல.

சாப்பாட்டில் அடிக்கடி நடக்கும் பிழை, விடியப்புறம் கட்டிய சோற்றுப் பார்சலைப் பகல் ஒரு மணிக்குத் திறப்பது. தேங்காய்ப்பால் கறியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் பஸ் சூட்டில் பழுதாகிவிடும். வயிற்றைக் கலக்கினால் அது பதினெட்டு வளைவில்தான் கலக்கும். பகல் சாப்பாட்டைக் கண்டியிலேயே சொல்லிவைத்து வாசலுக்கு வரவழைப்பது நல்லது. ஹலால் தேவையானவர்களின் எண்ணிக்கையையும் முன்பே கொடுங்கள். பூங்காவுக்குள் குரங்குகள் உண்டு. கையில் பை தொங்கினால் பறித்துவிடும், ஆகவே தீனி எல்லாம் முதுகுப் பைக்குள், சிப் பூட்டியபடி. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர்.

இனி உள்ளே. 147 ஏக்கரையும் காட்ட நினைத்தால் ஒன்றையும் காட்டமாட்டீர்கள். இரண்டரை மணி நேரத்தில் ஆறு இடம், அதற்குமேல் வேண்டாம். எல்லா இடத்துக்கும் ஒரே கேள்வி: இது எங்கிருந்து வந்தது, யாருக்காகக் கொண்டுவந்தார்கள்? மரங்களில் உள்ள பெயர்ப் பலகையில் தாவரவியற் பெயர், குடும்பம், பிறந்த நாடு இருக்கும். பிள்ளை அந்த மூன்றையும் எழுதி, தான் கண்ட ஒரு விசயத்தைப் பக்கத்தில் எழுதினால் போதும். அரை ஏ4 தாள், பின்னால் மட்டை, பென்சில். பேனாவால் எழுதியது ஒரு தூறலில் கரைந்துவிடும்.

கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது, அதை பஸ்ஸிலேயே சொல்லிவிடலாம். கண்டி அரசர் காலத்தில் இது அரண்மனைத் தோட்டம். 1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. 1821இல் அலெக்சாண்டர் மூன் களுத்துறையிலிருந்த தோட்டத்தை இங்கே மாற்றினார். அழகுக்காக அல்ல, எந்தப் பயிர் காசு தரும் என்று பரீட்சித்துப் பார்க்க. 1824இல் சீனத்துத் தேயிலைச் செடி இங்கே வந்தது. காய்ச்சல் மருந்தான குயினைன் தரும் சிங்கோனா மரத்துக்காக 1861இல் ஹக்கலையும், 1876இல் இறப்பர் கன்றுகளுக்காக கம்பஹாவின் ஹெனரத்கொடையும் கிளைத் தோட்டங்களாயின. 1869இல் கோப்பியில் துரு நோய் கண்டபோது, 1867இலேயே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை இங்கேதான் வைத்திருந்தார். வரலாற்றுப் பாடத்தின் பிரித்தானியர் காலத்தில் ஒரு பெரிய பங்கு இந்த வேலிக்குள் இருக்கிறது.

வாசலருகே வாசனைத் திரவியத் தோட்டத்தில் தொடங்குங்கள். கறுவா, கராம்பு, ஏலம், மிளகு, சாதிக்காய். இவை பிள்ளைகளுக்கு அடுப்படியில் பழக்கம், மரமாகக் கண்டதில்லை. கீழே விழுந்த இலையைக் கசக்கி மணக்க விடலாம். மரத்திலிருந்து பறிக்கக் கூடாது என்பதை அங்கேயே ஒரு தடவை கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஓர்க்கிட் வீட்டுக்குள் பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள். மொத்தமாக நுழைந்தால் பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

பனை வரிசையில் எப்போதும் ஒரு குரல் எழும்பும்: “சேர், இது நம்மட பனைதானே? மறுகா என்னத்துக்கு இவ்வளவு தூரம் வந்த?” நியாயமான கேள்வி. பதில் இரட்டைத் தென்னை மரத்தடியில் இருக்கிறது. சீஷெல்ஸ் தீவுகளுக்கு உரிய அந்த மரத்தின் வித்துத்தான் தாவர உலகிலேயே பெரியது. காய் முற்ற ஆறேழு வருடம் எடுக்கும். பிள்ளைகளை அதன் இலையைப் பார்க்கச் சொல்லுங்கள்: விசிறி வடிவம், தடித்த மட்டை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இது இரண்டும் வேறு எந்த மரத்தில் என்று கேட்டால் ஆண்பனை, பெண்பனை பார்த்து வளர்ந்த பிள்ளை உடனே சொல்லிவிடும். பனையும் இரட்டைத் தென்னையும் நெருங்கிய உறவுமரங்கள். கொழும்புப் பிள்ளையை விட எங்கள் பிள்ளைக்கு இந்த இடம் இலேசு. அப்படியே தாளிப்பனையையும் காட்டுங்கள்: பல பத்து வருடம் வளர்ந்து, ஒரேயொரு தடவை உச்சியில் பூத்துக் காய்த்து, செத்துப்போகும்.

பெரிய புற்றரையில் நிற்கும் ஜாவா அத்தி கணக்குப் பாடம். முதல் வாரமே பாடசாலை மைதானத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பத்து அடிநடை எத்தனை மீற்றர் என்று நாடாவால் அளந்துவைக்கட்டும். இங்கே வந்து, நிழலை அல்ல, கிளை முடியும் ஓரத்தைப் பார்த்து, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு இரண்டு திசையில் நடக்கட்டும். சராசரி எடுத்து, பாதியாக்கி, வர்க்கித்து, 22/7ஆல் பெருக்கினால் குடைப் பரப்பு. குழுவுக்குக் குழு விடை மாறும். ஏன் மாறுகிறது என்ற வாக்குவாதத்துக்குப் பத்து நிமிடம் விடுங்கள். நிழலை அளந்த குழுதான் அதிகம் பிழைக்கும், சூரியன் சரிந்திருக்கும்போது நிழல் நீளும் அல்லவா.

நாகலிங்க மரத்தை 1901இல் பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரும் மேரி அரசியும் நட்டார்கள். கோயிலில் கண்ட பூ என்பதால் நம் நாட்டு மரம் என்றே பிள்ளைகள் எழுதியிருப்பார்கள். பலகையைப் பார்த்ததும் தென்னமெரிக்கா என்று அழித்து எழுதுவார்கள். பூவும் காயும் கிளை நுனியில் இல்லாமல் அடிமரத்திலேயே வருவதைப் பலாவோடு சேர்த்துக் காட்டுங்கள். காய் பீரங்கிக் குண்டளவு, கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

கடைசியாக ஆற்றோரத்து இராட்சத மூங்கில். மண்ணிலிருந்து புதுக்குருத்து வெளிவரும்போதே முழுப் பருமனோடுதான் வரும், அதன்பிறகு உயரம் மட்டுமே. மழைக்காலத்தில் ஒரு நாளில் ஓர் அடி வரை வளரும். தண்டுகளில் பெயர் கீறியிருப்பதைக் கண்டதும் நம் பிள்ளையின் கையிலும் கவராயம் வந்துவிடும். கணிதப் பெட்டியை பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பக்கத்து மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் தொங்கும். தொப்பியோடு, வாயை மூடிக்கொண்டு மேலே பார்க்கவேண்டும்.

தொங்குபாலத்தில், திறந்திருந்தால், பலகையில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். ஆட்டிப் பார்க்கிற பையன் எல்லா வகுப்பிலும் ஒருவன் இருக்கிறான், அவனை ஆசிரியருக்குப் பக்கத்தில் நடத்துங்கள். கீழே ஓடும் மகாவலியைத்தான் முதல் நாள் மகியங்கனையில் பஸ் கடந்தது. அதன் ஒரு கிளை வாகரைக்கு வடக்கே வெருகலில் கடலில் விழுகிறது.

ஒவ்வொரு இடத்திலிருந்தும் நகருமுன் குழுவுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிள்ளைகளே எண்ணிச் சொல்லட்டும். ஆசிரியர் எண்ணினால் நகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையை இரண்டு தடவை எண்ணிவிடுவார். பதினொன்றரைக்குச் சாப்பாடு, பன்னிரண்டரைக்குள் பஸ். அப்போதுதான் பாடசாலை விடும் நெரிசலுக்கு முன் டவுனைக் கடந்து, வெளிச்சத்தோடு வளைவிறங்கி, யானை நேரத்துக்கு முன் மகாஓயாவைத் தாண்டலாம். தலதா மாளிகையைச் சேர்த்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். அதற்கு வேறொரு வருடம். தாள்களை பஸ்ஸில் ஏறுமுன்பே வாங்கிவிடுங்கள், இருக்கைக்கடியில் விட்டது திரும்பி வராது. பற்றுச்சீட்டுகளை ஒட்டிய கணக்கறிக்கையும், மிஞ்சிய காசு இருந்தால் அதுவும், அந்த வாரமே அதிபரிடம் போகவேண்டும்.