பாபநாசத்தில் ஒரு கிட்டார் கட்டுகிறேன்

செப்டம்பர் 14, 2025

பெட்டி வந்துவிட்டது. எலெக்ட்ரிக் கிட்டார் கிட், விலை 9,000 ரூபாய்க்குள். ஸ்ட்ராடோகாஸ்டர் மாதிரி: பாஸ்வுட் பாடி, மேப்பிள் நெக், 22 பிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்), மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்). ஒயரெல்லாம் முன்பே பற்றவைத்துத்தான் வந்திருக்கிறது. முறுக்காணிகள் உட்காரும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கை மட்டும் வெட்டாத பலகையாக, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள்.

அப்பாயி பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒடஞ்சுல்ல வந்துருக்கு, திருப்பி அனுப்பு" என்றது.

இப்படிப் பிரித்து அனுப்ப முடிவதே அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் புண்ணியம்தான். தன் டெலிகாஸ்டர் கிட்டாரிலும், 1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரிலும் நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகில் நிறுத்தினார். தொழிற்சாலை வேலைக்காகச் செய்தது, இன்று எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் உதவுகிறது.

செப்டம்பர் 15

பாலிஷைத் தொடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்த்துவிட வேண்டும். பாலிஷ் ஏறிய பிறகு ஓட்டை போட்டால் ஓரம் பெயர்ந்துவிடும்.

நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து 12-வது பிரெட் வரை 324 மி.மீ., அங்கிருந்து பாடியில் தந்திகள் உட்காரும் பிரிட்ஜ் சேடில் வரைக்கும் அதே அளவு. கிட்டில் இது சரியாக இருக்கிறது. இதில் பிசகியிருந்தால் மற்றது எதுவும் காப்பாற்றாது. அடுத்து நெக் நேராக உட்காருகிறதா என்று பார்க்க, இரண்டு ஓரத் தந்திகளின் இடத்தில் தூண்டில் நரம்பைக் கட்டி இழுத்தேன். தடித்த தந்தி பக்கம் பிரெட்டின் விளிம்பை ஒட்டிக்கொண்டு போனது, மெல்லிய தந்தி பக்கம் தாராள இடம். நான்கு திருகையும் அரைச்சுற்று தளர்த்தி, நெக்கைக் கையால் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு முடுக்கியதும் இரண்டு பக்கமும் சமம்.

செப்டம்பர் 21

தஞ்சாவூர். வீணை செய்கிற ஆசாரி ஒருவரை அப்பாவுக்குப் பழக்கம். நெக்கைத் துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன்.

பட்டறை முழுக்கப் பலாமர வாசனை. அவர் நெக்கை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். "நேராத்தான் இருக்கு தம்பி. பிரெட்ட அடிச்சு எறக்கிட்டாங்களே, சுதி சேரலன்னா என்ன பண்ணுவ?"

நல்ல கேள்வி. வீணையில் பிரெட்டுக்குப் பெயர் மெட்டு, அதன் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகை இளக்கி, மெட்டை மயிரிழை நகர்த்தி, காதால் கேட்டு நிறுத்துவார்கள். அதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். கிட்டாரில் பிரெட்டை அசைக்க வழியில்லை. தந்தியின் மறுமுனையில் இருக்கும் சேடிலைத்தான் முன்னும் பின்னும் நகர்த்தலாம். அப்படி நகர்த்தினால் அந்தத் தந்தியின் எல்லாச் சுரமும் சேர்ந்து மாறும். ஒரே ஒரு பிரெட்டில் மட்டும் சுதி பிசகினால் தீர்வு கிடையாது. இதைச் சொன்னதும் அவர், "அப்ப எங்களுதுதான் சௌகரியம்" என்று சிரித்தார். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வாத்தியம், சொல்லலாம்தான்.

ஹெட்ஸ்டாக்கில் யாளி செதுக்கலாமா என்று ஆசையாகக் கேட்டேன். கனத்தை விரலால் அளந்து பார்த்தவர் வேண்டாம் என்றார். ஒன்றரை செ.மீ.கூட இல்லாத பலகையில் யாளி வராது, பல்லிதான் வரும் என்றார். அவருடைய வளைவு ரம்பத்தாலேயே எளிமையான ஒரு வளைவாக வெட்டிக்கொண்டேன். நட்டைத் தாண்டி முறுக்காணிக்குப் போகும்போது தந்தி கோணாமல் நேராகப் போக வேண்டும் என்பது மட்டும்தான் கணக்கு. கிளம்பும்போது ஒரு துண்டுப் பலாக்கட்டையும் கொடுத்தனுப்பினார்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. உளி, அரம், சால்டரிங் அயர்ன் எல்லாம் சாமி முன்னால் வரிசையாக. பாடிக்குச் சந்தனம் வைக்க அப்பாயி கையை ஓங்கியது. பாலிஷ் ஏறாத மரம் கறையை அப்படியே குடித்துவிடும் என்று கெஞ்சி, பெட்டிக்கு வைக்கச் சொன்னேன். வேலை இல்லை.

அக்டோபர் 5

உப்புத்தாள் 180, 240, 320 என்று படிப்படியாக. பாஸ்வுட் நகம் பட்டாலே தடம் விழுகிற மரம். மேஜையில் பழைய போர்வை விரித்துத்தான் வேலை. ஒரு நல்லது, இந்த மரத்தின் துவாரங்கள் மிக நுண்மையானவை, மக்கு அடைக்கத் தேவையில்லை. கெட்டது, சாயம் திட்டுத்திட்டாக ஏறும். அதனால் சாயத்தை விட்டுவிட்டு, கதவுக்கு அடிக்கிற பிரெஞ்ச் பாலிஷையே எடுத்தேன். அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப்பந்தில் நனைத்து, வட்டம் வட்டமாக. மெல்லிசாக, பல பூச்சு. ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் பளபளப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் இந்த நிறம் அதில் வராது.

அக்டோபர் 17

வடகிழக்குப் பருவமழை நேற்றே தொடங்கிவிட்டதாகச் செய்தி. இன்று போட்ட பூச்சு வெள்ளையாக மூடிக்கொண்டது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அரக்குக்குள் சிக்கிக்கொள்கிறது. துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு இழுத்தால் போகும், அடுத்த பூச்சில் மறுபடி வரும். காத்திருக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 24

மழை. மாமா குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, தார்ப்பாய் போட்டுக் காவல் இருக்கிறார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்டிருக்கிறது. நான் கிட்டாரைப் பற்றிப் புலம்பினேன். "ஒம் மரத்தையும் கொண்டாந்து மீட்டர்ல வச்சுப் பாப்பமா?" என்றார். அதற்கு மேல் பாலிஷ் கவலையை யாரிடமும் பேசவில்லை.

நவம்பர் 2

வெயில் அடித்த நாட்களில் பாலிஷ் முடிந்தது. இன்று பிரெட் வேலை. இந்தக் கிட்டின் விலை எங்கே குறைந்தது என்று கேட்டால், இங்கேதான். மரமோ பிக்கப்போ மோசமில்லை. பிரெட்டை யாரும் கையால் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடைத் திருகி நெக்கைத் தட்டையாக்கினேன். எவர்சில்வர் ஸ்கேலில் வெட்டிய துண்டை மூன்று மூன்று பிரெட்டாக வைத்துப் பார்த்தால், அது ஆடுகிற இடத்தில் நடுப் பிரெட் மேடு. மேடான பிரெட்டின் தலையில் மார்க்கர் மை பூசி, பலகைக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, தட்டை அரத்தால் மை அழியும் வரை மட்டும் ராவினேன். ராவியதில் தலை சப்பையாகிவிடும். அதை மறுபடி உருட்டாக்க வேண்டும், இல்லையென்றால் தந்தி எந்த விளிம்பில் படுகிறதோ அங்கே சுதி மாறும். பிரெட் முனைகளும் உள்ளங்கையைக் கீறின. அவற்றையும் சாய்த்து ராவினேன். கோடையில் பலகை சுருங்கினால் முனைகள் திரும்ப நீட்டும், பங்குனியில் தடவிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது நட். மூன்றாம் பிரெட்டில் தந்தியை அழுத்தினால், முதல் பிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு தாள் கனம்தான் இடைவெளி இருக்க வேண்டும். இதில் தாராளமாக இருந்தது. அந்த உயரத்தில் முதல் பிரெட்டை அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபட்டு ஒவ்வொரு சுரமும் ஏறிப் பேசும். "மலிவு கிட்டாரில் சுதி நிற்காது" என்கிறவர்கள் முக்கால்வாசி கேட்டது இந்த நட்டைத்தான் என்பது என் எண்ணம். நட்டுக்கென்று வருகிற அரம் கிட்டைவிட விலை. கும்பகோணத்தில் வெல்டிங் சாமான் கடையில் கேஸ் நாசில் குத்துகிற ஊசி செட் கிடைத்தது, சொற்பக் காசு. ஒவ்வொரு ஊசியும் ஒவ்வொரு கனம், உடம்பெல்லாம் சொரசொரப்பு. என் தந்திகள் 0.23 மி.மீ. முதல் 1.07 மி.மீ. வரை, ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும் ஊசி இருக்கிறது. இரண்டு இழுப்பு, தந்தியைப் போட்டுப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. இருட்டிவிட்டது.

நவம்பர் 8

ஒயரிங். சிங்கிள் காயில் பிக்கப் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை இழுத்துக்கொள்ளும், அது அதன் பிறவிக் குணம். குழிக்குள் செம்புத் தகடு டேப்பை ஒட்டி எர்த்தோடு சேர்த்தேன். பின்பக்கம் ஸ்பிரிங் மாட்டுகிற இரும்புக்குப் போகிற எர்த் ஒயர் பற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மல்டிமீட்டரில் பார்த்துப் பற்றவைத்தேன். இப்போது தந்தியைத் தொட்டால் இரைச்சல் அடங்குகிறது. நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றாக இருந்தால் இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் 2, 4 நிலைகளில் இரைச்சல் முழுக்க அடங்கும். இதில் அடங்கவில்லை, போகட்டும். பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடும்போது மட்டும் ஆம்ப் முணுமுணுக்கிறது.

நவம்பர் 9

தந்தி ஏற்றியாயிற்று. பைக் மெக்கானிக்கிடம் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான டாப்பெட் பீலர் கேஜ் இரவல் வாங்கி, நெக்கின் நடுவில் 0.25 மி.மீ. வளைவு விட்டேன். 12-வது பிரெட்டில் தந்தி உயரம் மெல்லிய பக்கம் 1.6, தடித்த பக்கம் 2 மி.மீ. பிறகு சேடில்: 12-வது பிரெட்டில் தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும் அழுத்திய சுரத்தையும் டியூனரில் ஒப்பிட்டு, அழுத்தியது ஏறினால் சேடிலைப் பின்னால் தள்ளுவது. தடித்த தந்திகள் அதிகம் பின்னால் போயின. ஆசாரிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "மேளம் நிக்கிது" என்றார்.

பிரிட்ஜை அசைத்துச் சுரத்தை நெளிக்கும் டிரெமோலோ கம்பியை ஆட்டினால் மட்டும் மூன்றாவது தந்தி சுதிக்குத் திரும்புவதில்லை. நான் அந்தக் கம்பியைத் தொடப்போவதும் இல்லை. அவர் கொடுத்த பலாக்கட்டையைச் சீவி, பின்குழியில் ஸ்பிரிங் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே இறுக்கிச் செருகிவிட்டேன். பிரிட்ஜ் இப்போது அசையாது.

நவம்பர் 15

சிநேகிதன் வந்து வாசித்தான். "பிக்கப்ப மாத்திடு மாப்ள, சூப்பரா இருக்கும்" என்றான். மாற்றினால் கிட் விலையில் பாதி போகும். இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை. வால்யூம் நாப் மட்டும் லூசு, அதற்கு ஒரு சுற்று டேப் போதும். அவன் இழுத்த இழுப்பில் முதல் தந்தி அறுந்தது. இங்கே ஒற்றைத் தந்தி கிடைக்காது, செட்டாகத்தான் வாங்க வேண்டும். நாளைக்குத் தஞ்சாவூர் போகிற யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.