திகதி இருக்கிறது, இடம் இல்லை

விடிய ஐந்தரைக்கெல்லாம் மாட்டுக்காலைக்கு, அதாவது மாடுகளை இரவில் அடைத்துவைக்கும் பட்டிக்கு, போய்விட வேண்டும். வெயில் ஏறிப் பட்டி அவிழ்ந்துவிட்டால் ஒரு மாட்டுக்கும் ஊசி போட முடியாது. திருகோணமலை மாவட்டத்தில் கால்நடை வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்த புதிதில் நான் படித்த முதற்பாடம் இது.

மூதூரிலிருந்து வெருகல் போகும் பக்கமாக, பிரதான வீதியை விட்டிறங்கி நாலைந்து கிலோமீட்டர் உள்ளே ஒரு மாட்டுக்காலை. சுற்றிவர அலம்பல் வேலி. நடுவில் காய்ந்த சாணமும் பச்சை இலையும் போட்டுப் புகை மூட்டியிருப்பார்கள், ஈயும் நுளம்பும் அண்டாமலிருக்க. மாடுகள் அந்தப் புகைக்குள் தலையைக் கொடுத்துக் கண்ணை மூடி நிற்கும். மாரிக்கு முன் தொண்டை அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி போடப் போன அன்று, பட்டிக்கார ஐயா ஒவ்வொரு மாட்டையும் பெயர் சொல்லி அழைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட மாடுகள். ஒரு பெயருக்கும் அவர் தடுமாறவில்லை.

நான் அவருக்கு அலுவலகத்தில் கற்றுக்கொண்ட ஆலோசனையைச் சொன்னேன்: பட்டியைக் குறையுங்கள், நல்ல கலப்பினப் பசு இரண்டை வீட்டில் கட்டி வளருங்கள், பால் கூடும்.

“மிஸ், அந்த மாட்டுக்குப் புல்ல நான் சுமக்கணும், தீனிய காசு குடுத்து வாங்கணும். இதுகள் தானாப் புல்லத் தேடிப் போகுங்கள். போறதுக்கு வழிதான் வேணும்.”

நாட்டுப் பசு ஒன்றோ ஒன்றரையோ லீட்டர்தான் கறக்கும். அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் நான் சொன்னது சரி. ஆனால் விலைகொடுத்து வாங்கிய தீனி ஒரு பிடிகூட அந்தப் பாலுக்குள் இல்லை. பெரும்போகம், அதாவது மாரிப் போக நெல், விதைக்கும்போது மாடுகள் வயலை விட்டுக் காட்டோரத்துக்கும் மேட்டுநிலத்துக்கும் போகும். அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து தாள் மேய்ந்து, வயலுக்கு எருப் போடும். மழையும் வேளாண்மையும் வகுத்த வருடச் சுற்று அது. அதைப் பின்தங்கிய முறை என்று நினைத்திருந்ததற்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

அந்தச் சுற்றின் ஒரு பாதி இப்போது அறுந்துகொண்டு வருகிறது. காட்டோரத்தில் எல்லைக்கல், பழைய மாட்டுவழிக்குக் குறுக்கே கம்பிவேலி, வில்லு எனும் ஆற்றோரத் தாழ்நில நீர்நிலையின் கரைவரை புதுவயல். ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதி, விதைப்புத் திகதி, மாடுகளை அகற்றும் கடைசித் திகதி எல்லாம் தீர்மானமாகும். நான் இருந்த கூட்டமொன்றில் அந்த ஐயா பின்வரிசையிலிருந்து எழும்பிக் கேட்டார்: “எங்க அகற்றுற?” பதில் வரவில்லை. அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். விவசாயிகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு இரவில் பயிர் அழிந்தால் அவர்களுக்கு ஒரு போகமே போய்விடும்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்தன. எங்கள் பக்கத்துக் காலையொன்றில், முழங்கால்வரை சேற்றில் ஒரு பசு படுத்தபடியே விறைத்திருந்தது. கன்று அதன் மடியை முட்டிக்கொண்டு நின்றது. படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ‘குளிர்’ என்று எழுதினேன். அது பொய்யல்ல. ஆனால் விலா எலும்பு தெரிய மெலிந்த மாடு அது. போக இடமில்லாமல் வாரக்கணக்கில் ஒரு துண்டு நிலத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது. அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் வீதிக்கு வந்ததும் மேய்ச்சற்தரைக்காகத்தான். ஐக்கிய நாடுகள் சபை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. அந்தச் செய்தியை ஐயாவிடம் சொன்னபோது, “நல்லம். அதுல எங்கட வழியையும் எழுதுவாங்களா?” என்று உண்மையாகவே கேட்டார்.

அதன்பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரோடு நடந்தேன். எந்த மருதமரத்தடியில் மாடு படுக்கும், எந்தத் துறையில் ஆற்றைக் கடக்கும், எங்கே வேலி மறிக்கிறது என்று அவர் சொல்லச் சொல்லக் கொப்பியில் வரைந்தேன். கிராம அலுவலரும் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பைச் சேர்ந்த இருவரும் அதைப் பார்த்து, ஓரிடத்தில் இருபதடி வழி விடலாம் என்றிருக்கிறார்கள். வேலிக்காரரோடு இன்னும் பேசவில்லை. அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு முன் பேசியாக வேண்டும்.