ஐம்பது நிமிட வகுப்பை அப்படியே வீடியோவாக்காதீர்கள்

கல்லூரிப் பாடத்துக்கு வீடியோ செய்யக் காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பதிவு செய்ய ஓபிஎஸ் ஸ்டூடியோ, வெட்டி ஒட்ட ஷாட்கட், ஏற்றி வைக்க யூடியூப், நடுவில் கேள்வி கேட்க எச்5பி என்று நான்கும் இலவசமாகவே கிடைக்கின்றன. கோளாறு வேறு இடத்தில். வகுப்பில் பேசும் ஐம்பது நிமிடத்தை அப்படியே பதிவு செய்து ஏற்றிவிடுகிறோம். 2014-இல் ஆய்வாளர் பிலிப் குவோ குழுவினர் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் பாடங்களில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவை அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும், பார்த்த நேரத்தின் இடைநிலை அளவு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. தேர்வு பயம் உள்ள நம் மாணவர் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அதனால் வீடியோவுக்கு எடுக்க வேண்டியது பாடத்தை அல்ல, மாணவர் தடுக்கி விழும் ஒரே ஒரு இடத்தை. மின்சுற்றுக் கணக்குக்கான கிர்ச்சாஃப் விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். விதி எல்லோருக்கும் மனப்பாடம். இரண்டு கண்ணிகள் உள்ள சுற்றில் மின்னோட்டத்தின் திசையை எந்தப் பக்கம் குறிப்பது என்பதில்தான் பேனா நின்றுவிடும். வீடியோ அங்கிருந்தே தொடங்கட்டும். முதல் அரை நிமிடம் சுற்றுப்படம். அடுத்த மூன்று நிமிடம் கையால் எழுதியபடியே கணக்கு. பிறகு அதே கணக்கை, வேண்டுமென்றே திசையைத் திருப்பிக் குறித்துப் போடுங்கள். அதே எண்தான் வரும், முன்னால் ஒரு கழித்தல் குறியோடு. தப்பாகக் குறித்தாலும் கணக்கு கெடாது என்று கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். முகவுரை, வணக்கம், சுழலும் கல்லூரி முத்திரை எதுவும் தேவையில்லை.

ஓபிஎஸ்ஸில் 1280க்கு 720, நொடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்தால் போதும். ஸ்லைடுக்கும் எழுத்துக்கும் அதற்கு மேல் வீண். பிட்ரேட் (நொடிக்குப் பதிவாகும் தரவின் அளவு) 2500 கேபிபிஎஸ் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 எம்பி ஆகும். பதிவு வடிவம் எம்கேவி ஆகவே இருக்கட்டும். சாதாரண எம்பி4-இல் பதிவாகும்போது கணினி பாதியில் நின்றால் மொத்தக் கோப்பும் திறக்காமல் போகும். எம்கேவியில் நின்ற இடம் வரை மிஞ்சும். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் கொடுத்தால் சில நொடிகளில் எம்பி4 ஆகிவிடும், தரம் குறையாது. முழுத் திரையைப் பிடிக்காமல் விண்டோ கேப்ச்சர் போடுங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப் அறிவிப்பும் பாடத்தில் ஏறும். முழுத் திரையைத்தான் பிடிக்க வேண்டும், ஆனால் கறுப்பாகவே தெரிகிறது என்றால், பெரும்பாலும் அது இரண்டு கிராஃபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினி. விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஓபிஎஸ்ஸுக்கு மின்சேமிப்பு என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி சுமாராக இருந்தால் மூடிவிடுவார்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ ஒவ்வொன்றும் வெடிக்கும். ஓபிஎஸ் ஒலிப் பட்டை பேசும்போது மஞ்சளில் ஆட வேண்டும், சிவப்பைத் தொடக் கூடாது. சிவப்பில் உடைந்த ஒலியைப் பிறகு திருத்தவே முடியாது. மின்விசிறி இரைச்சலுக்கு மைக்கின் ஃபில்டரில் நாய்ஸ் சப்ரஷன் சேருங்கள் (மின்விசிறியை நிறுத்துவது இன்னும் நல்லது). ஒரு காதில் மட்டும் கேட்கிறதா? அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்டீஸில் மோனோவை டிக் செய்யுங்கள். அரை நிமிடம் பதிவு செய்து இயர்ஃபோனில் கேட்காமல் முழுப் பதிவைத் தொடங்காதீர்கள்.

ஸ்லைடு எழுத்து 28 பாயிண்டுக்குக் கீழே போக வேண்டாம். டேட்டாவை மிச்சம் பிடிக்கும் மாணவர் அதை 360பியில், கைப்பேசியில்தான் பார்க்கப்போகிறார்.

யூடியூபில் அன்லிஸ்டட் ஆக, அதாவது தேடலில் வராதபடி, ஏற்றுங்கள். அது பூட்டு அல்ல, இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம். மதிப்பெண், மாணவர் முகம், பெயர் எதையும் அதில் வைக்காதீர்கள். ‘குழந்தைகளுக்கானதா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’. ‘ஆம்’ என்றால் கருத்துப் பெட்டி மூடிவிடும். அத்தியாயம் பிரிக்க விளக்கத்தில் நேரங்களை எழுதும்போது முதலாவது 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பிரியாது, ஏன் என்றும் அது சொல்லாது.

கல்லூரியில் மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருள் இருந்தால் எச்5பியின் இன்டராக்டிவ் வீடியோவில் யூடியூப் இணைப்பை ஒட்டி, திசையைக் குறிக்கும் நொடியில் ஒரு கேள்வி வையுங்கள். இல்லையென்றால் கூகுள் ஃபார்மில் வீடியோவும் கீழே இரண்டு கேள்வியும் போதும். பார்க்காமலே விடையளிப்பதை மட்டும் அது தடுக்காது.

இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடாமல் பாடப்பக்கம் ஒன்றிலேயே வையுங்கள். யூடியூபில் ஏற்றியதன் நடுவிலிருந்து வெட்டி எடுக்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. ஒரு குறியைத் தப்பாக எழுதியிருந்தால் மறுபடி ஏற்றத்தான் வேண்டும், இணைப்பும் மாறும். பாடப்பக்கத்தில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். குழுவில் போட்டது, தப்பான குறியோடு, அடுத்த ஆண்டு வரை சுற்றிக்கொண்டிருக்கும்.