பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வை

2018 ஐப்பசிக் கடைசி. குருவிகுளம் பக்கத்தில் ஒரு மானாவாரிக் காட்டில், முழங்கால் உயர மக்காச்சோளத்துக்கு நடுவே குனிந்து நின்று ஒரு புழுவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவே விடவில்லை. குருத்துக்குள் ஈரமான மரத்தூள் மாதிரி எச்சம் குவிந்து கிடந்தது. இலை நெடுக வரிசையாக ஓட்டைகள். எனக்குப் பழக்கமான தண்டுத்துளைப்பானும் வரிசை ஓட்டை போடும்தான். ஆனால் இவ்வளவு எச்சம் தள்ளாது. புரோட்டீனியா என்கிற புகையிலை வெட்டுப்புழு என்றால் இப்படிக் குருத்துக்குள்ளேயே குடியிருக்காது. நான்கு படம் எடுத்து, எங்கள் வேளாண் துறைக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

பத்து நிமிடத்தில் பூச்சியியல் பேராசிரியர் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. அது என்ன புழு என்று அவர் சொல்லவில்லை. “எவ்வளவு பெரிசுன்னு தெரியலையேம்மா. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வை. தலை தெளிவா ஒண்ணு, வால் பக்கம் ஒண்ணு. படமா அனுப்பாதே, டாக்குமென்டா அனுப்பு.”

காட்டுக்கார அண்ணாச்சி மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி இல்லாத மடி ஏது? ஒரு மக்காச்சோள இலையைக் கிழித்து விரித்து, புழுவை அதன் மேல் விட்டு, பக்கத்தில் பெட்டியை வைத்தேன். அப்போதுதான் புழுவை உண்மையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். தலையில் வெளிறிய கோடு ஒன்று, ஆங்கில ஒய் எழுத்தைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி. வால் பக்கம் கடைசிக்கு முந்தின கணுவில் நாலு கறுப்புப் புள்ளிகள், கோலம் போடுகிறவர்கள் முதலில் வைக்கிற நாலு புள்ளி மாதிரி சரியான சதுரமாக. முதலில் எடுத்த நான்கு படத்திலும் இந்தப் புள்ளிகள் இருந்திருக்கின்றன. நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

“அதேதான், படைப்புழு” என்று பதில் வந்தது.

அமெரிக்கக் கண்டத்துப் புழு அது. 2016இல் ஆப்பிரிக்காவில் இறங்கியது. 2018 மே மாதம் கர்நாடகத்தில் சிவமொக்கா பக்கம் இந்தியாவில் முதல்முறையாகக் கண்டுபிடித்தார்கள். அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர்வரை பறக்கக்கூடியது. ஒரு தாய்ப்பூச்சி தன் ஆயுளில் ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும். ஆறே மாதத்தில் எங்கள் கரிசலுக்கு வந்துவிட்டது. நான் படித்த பாடப் புத்தகத்தில் இந்தப் புழுவுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் இருபது வருடம், முப்பது வருடம் அனுபவப்பட்டவர்களும் இதைக் கண்ணால் கண்டதில்லை. சீனியரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்கிற வழியே அடைபட்டுப் போன ஒரு வேளை அது.

நான் உதவி வேளாண்மை அலுவலர். ஊரில் சொல்வது ‘அக்ரி மேடம்’. 2014இல் வேலைக்கு வந்தேன். அப்போது எங்கள் துறையில் படிப்பு நடந்த இடம் அலுவலகம் இல்லை, அலுவலகத்துக்கு எதிர்த்த டீக்கடை. எந்த ஊரில் எந்த நோய், எந்தக் கடையில் என்ன மருந்து விற்கிறது, எந்த ரகம் சாய்ந்தது, எது நின்றது, எல்லாம் அங்கேதான் பேசுவார்கள். நாலு மணிக்கு ஆண்கள் எழுந்து போய்விட்டு ஐந்து மணிக்குத் திரும்பி வருவார்கள். எங்களில் இரண்டு பெண்கள் மேசையில் உட்கார்ந்து பதிவேடு எழுதிக்கொண்டிருப்போம். யாரும் வரக்கூடாது என்று சொன்னதில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை. அந்த ஒரு மணி நேரப் பேச்சு எனக்குக் கிடைக்காமலே மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஒரு சாதாரண நூற்புழுச் சந்தேகத்துக்குக்கூட மறுநாள்வரை காத்திருந்து, யாராவது ஓய்வாக இருக்கிற நேரம் பார்த்துக் கேட்க வேண்டும்.

2016க்கு அப்புறம் நெட் மலிவானது. குழுக்கள் வந்தன. அந்த டீக்கடைப் பேச்சு என் கைக்குள் வந்தது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கைபேசியால் எனக்குக் கிடைத்த முதல் பாடம் எந்த வீடியோவும் இல்லை. ஒரு கேள்வியை நாற்பது பேர் நடுவில் ஒரே நேரத்தில் போடலாம், எவரிடமும் தயங்கி நிற்க வேண்டாம் என்பதுதான். கயத்தாற்றில் இருக்கும் ஒருவருக்கு வந்த பூச்சி அடுத்த வாரம் என் கிராமத்துக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிவது எத்தனை பெரிய காரியம்!

அந்த மாரிக்காலம் முழுக்க நான் யூடியூபில் ஆப்பிரிக்க விவசாயிகளைப் பார்த்தேன். அவர்கள் எங்களுக்கு இரண்டு வருடம் மூத்தவர்கள், இந்தப் புழு விஷயத்தில். கென்யாவில் எடுத்த ஒரு வீடியோவில் ஒரு பெண் வயலில் நடந்துகொண்டே ஒவ்வொரு இலையாகத் திருப்புகிறார். இலைக்கு அடியில், பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு திட்டு. அதைப் பெருவிரலால் நசுக்குகிறார். அடுத்த செடி. அவர் பேசியது எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் இலையை எந்தப் பக்கமாகத் திருப்புகிறார், எந்த உயரத்து இலையில் தேடுகிறார் என்று அந்தக் கை சொல்லிக் கொடுத்தது. மறுநாள் காட்டில் அதே மாதிரி திருப்பினேன். மூன்றாவது செடியிலேயே முட்டைக் குவியல் இருந்தது, மேலே தாய்ப்பூச்சியின் செதில் மூடியபடி. களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று சாயங்காலத்துக்குள் என்னைவிட வேகமாக அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இதே பருவத்தில்தான் என் கையால் ஒரு தப்பும் நடந்தது.

கார்த்திகையில் புழு எல்லாக் காட்டிலும் பரவிவிட்டது. ஒரு நாளைக்கு முப்பது போன் வரும். “என்ன அடிக்கணும்னு சொல்லுங்க மேடம், நாளைக்கு மழைங்கான்.” வேறொரு பெரிய குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மருந்தின் பெயர், டேங்குக்கு இவ்வளவு என்ற அளவு, கீழே கைகூப்பிய படம். யார் எழுதியது என்று இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே அதை அப்படியே என் விவசாயிகள் குழுவுக்குத் தள்ளிவிட்டேன். அந்த அளவு பவர் ஸ்பிரேயருக்கு உரியது. பவர் ஸ்பிரேயரில் தண்ணீர் குறைவாகச் செலவாகும், அதனால் ஒரு டேங்குக்கு மருந்து கூட. கைத்தெளிப்பானுக்கு அதே அளவைப் போட்டால் பயிர் மேல் மூன்று பங்கு மருந்து விழும். எனக்கு இது தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்தச் செய்தியை நிதானமாக ஒரு முறை படித்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

மூன்றாம் நாள் ஒரு அண்ணாச்சி போன் பண்ணினார். காலைப் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அரை ஏக்கருக்கு இலைகள் விளிம்பு கருகி, நடு நடுவே வெந்த மாதிரி வெளுத்து நின்றன. வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

“எம்மா, நீங்க அனுப்புன அளவுதான். போன்ல இருக்கு, பாத்துக்கிடுங்க. நான் ஒண்ணும் கூட்டிப் போடல.”

அவருடைய போனில் என் பெயருக்குக் கீழே அந்தச் செய்தி இருந்தது. எங்கேயோ யாரோ எழுதினது, ஆனால் அவருக்கு அது அக்ரி மேடம் சொன்னது. புதுக் குருத்து விட்டுப் பயிர் தேறியது. கதிர் மட்டும் சிறுத்துப் போயிற்று. அந்த அரை ஏக்கருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, மன்னிப்புத்தான் கேட்டேன். “சரி விடுங்க, அடுத்த தடவ நேர்ல வந்து சொல்லுங்க” என்றார்.

அன்று இரவு நடந்ததை எங்கள் துறைக் குழுவில் எழுதினேன். கருகின இலையின் படத்தையும், நான் அனுப்பிய செய்தியையும் சேர்த்தே போட்டேன். ரொம்ப நேரம் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. படித்தவர்களின் பட்டியல் மட்டும் நீண்டுகொண்டே போயிற்று. பத்தரை மணிக்கு ஒருவர், “நானும் இதே செய்தியை அனுப்பியிருக்கிறேன், இப்போதுதான் ஊருக்கு ஊர் போன் பண்ணி நிறுத்துகிறேன்” என்று எழுதினார். அப்புறம் இன்னொருவர். அப்புறம் ஓய்வு பெறப் போகிற ஒரு அலுவலர், தன் முதல் வருடத்தில் களைக்கொல்லி அடித்த டேங்கைக் கழுவாமல் பருத்திக்குப் பூச்சி மருந்து அடிக்கச் சொன்ன கதையைக் குரல் பதிவாக அனுப்பினார். நாலு நிமிடப் பதிவு. இன்றும் வைத்திருக்கிறேன். அதுவரை அந்தக் குழுவில் எல்லாரும் வெற்றிப் படங்களைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்: செழித்த வயல், சிரிக்கிற விவசாயி, பக்கத்தில் நாம். அந்த இரவுக்கு அப்புறம்தான் அது படிக்கிற இடமானது என்று நான் நினைக்கிறேன். பேராசிரியர் கடைசியாக ஒரு வரி போட்டார்: காட்டில் பார்க்காததை அனுப்ப வேண்டாம், அனுப்பினால் யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தெளிப்பான் என்று சேர்த்து அனுப்புங்கள். அதையே விதியாக எடுத்துக்கொண்டோம்.

படத்தோடு விவரமும் வேண்டும் என்று ஆனது. விதைத்த தேதி, ரகம், கடைசி மழை, முன்னால் அடித்த மருந்து. இதெல்லாம் எழுத வேண்டுமென்றால் விவசாயியிடம் உட்கார்ந்து பேசியாக வேண்டும். டபிள்யூ எழுத்து மாதிரி காட்டுக்குள் நடந்து, ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக நூறு செடி எண்ணியாக வேண்டும். எண்ணி முடிக்கும்போது பாதிக் கேள்விக்கு விடை நமக்கே தெரிந்துவிடும். பல தடவை, எழுதி வைத்த கேள்வியை அனுப்பாமலே அழித்திருக்கிறேன்.

குழுவில் வருவது தங்காது. இரண்டு நாள் காலை வணக்கப் பூக்கள் வந்தால், அருமையான பதில் ஒன்று மேலே எங்கேயோ போய்விடும். அதனால் ஒரு நீள நோட்டில் எழுத ஆரம்பித்தேன். இப்போது மூன்றாவது நோட்டு. போன் மாறியபோது 2018 படங்கள் பெரும்பாலும் போய்விட்டன, நோட்டு இருக்கிறது. 2020இல் ஊரடங்கில் வந்த இணையப் பயிற்சிகளைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சான்றிதழ்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் எதில் என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை, இரண்டைத் தவிர. அந்த இரண்டிலும் கேள்வி கேட்க விட்டார்கள்.

‘எப்போ பார்த்தாலும் போனும் கையுமா’ என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. மேலதிகாரி ஒருவர் கூட்டத்தில் வைத்தே சொன்னார். வருத்தமாக இருந்தது. நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. தன் ஊர்த் தென்னைக்கு வந்த வெள்ளை ஈப் படத்தை எனக்கு அனுப்பினார்.

ஒரு மார்கழியில், அரை ஏக்கர் கருகிய அதே அண்ணாச்சியிடமிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. கூடவே குரல்: “எம்மா, புழுவெல்லாம் குருத்துல வெரச்சுப் போயிக் கெடக்கு. மேல மாவு தூவுனாப்புல இருக்கு. இது எதும் சீக்கா? பயிருக்கு ஒண்ணும் செய்யாதே?” படத்தில் புழு இலையில் ஒட்டியபடி விறைத்திருந்தது. மேலே வெள்ளைப் பூச்சு. பக்கத்தில், நான் கேட்காமலே, ஒரு தீப்பெட்டி.

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே அவருக்குச் சொன்னேன். நேரில் போய்ப் பார்த்தேன். சில புழுக்களில் வெள்ளை மாறி இளம்பச்சைத் தூளாக உதிர்ந்தது. குழுவில் போட்டேன். அது புழுவுக்குத்தான் நோய், மெட்டாரைசியம் ரைலி என்கிற பூஞ்சணம், ஈரமும் குளிரும் இருக்கிற நாளில் தானாகவே வரும், பயிருக்கு ஒன்றும் செய்யாது என்று பேராசிரியர் எழுதினார். உயிருள்ள புழு எத்தனை, விறைத்தது எத்தனை என்று எண்ணிவிட்டு அப்புறம் மருந்தைப் பற்றி யோசிக்கச் சொன்னார். அண்ணாச்சியும் நானும் ஆளுக்கொரு சாலாக எண்ணினோம். விறைத்ததே அதிகம். வாங்கி வைத்த மருந்தை அவர் கடையில் திருப்பிக் கொடுத்தார். அந்த வாரம் அவர் தன் ஊர்க் குழுவில் போட்ட குரல் பதிவு என்னுடைய எந்தச் செய்தியையும்விட அதிக ஊர்களுக்குப் போனது. யார் சொன்னது, எந்த ஊர், எத்தனை செடி எண்ணியது, எல்லாம் அதில் இருந்தது.

போன மாதம் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். நேற்று மதியம் மானூர்ப் பக்கத்து வயலிலிருந்து குழுவில் ஒரு படம் போட்டிருந்தாள். நெல் இலையில் ஏதோ ஒரு புழு. பெரிதா சிறிதா தெரியவில்லை, பாதிப் படத்தில் அவளுடைய நிழல். “அக்கா, இது என்ன?” என்று கீழே கேட்டிருந்தாள்.

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து எழுதினேன். “வெயிலுக்கு முதுகு காட்டாம நில்லும்மா. பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வை.”