கூகுள் ஷீட்டில் என் வரிசை

கல்லூரி முடித்துப் பத்து வருடம் ஆகிவிட்டது என்பதை எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ கண்டுபிடித்து, உடனே ஒரு கூகுள் ஷீட்டையும் தொடங்கிப் போட்டுவிட்டார்கள். பெயர், இப்போது எங்கே, என்ன வேலை, குடும்பம், கடைசியில் 'வேறு விசேஷம்' என்று ஒரு கட்டம். மொத்தம் 62 பேர். இரண்டே நாளில் 23 வரிசை நிரம்பியது, எல்லாம் அப்போதும் முதல் பெஞ்சில் கை தூக்கிய அதே கோஷ்டி. சீனியர் மேனேஜர், டைரக்டர், ஒருவன் 'வேறு விசேஷம்' கட்டத்தில் மாரத்தான் ஓடிய நேரத்தை நிமிடம் வரைக்கும் எழுதியிருந்தான். அப்புறம் ஷீட் அப்படியே நின்றுவிட்டது.

என் வரிசையை நான் நாலு தடவை எழுதி அழித்தேன். நண்பனோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனியை 26 மாதம் நடத்தி, மூடி ஐந்து மாதம் ஆகிறது. 'சொந்தத் தொழில்' என்று போட்டால் பொய். 'வேலை தேடுகிறேன்' என்பதுதான் நிஜம், ஆனால் மேல் வரிசையில் டைரக்டர் உட்கார்ந்திருக்கும்போது விரல் வரவில்லை. கடைசியில் 'கன்சல்டன்ட்' என்று போட்டுவிட்டு மூடினேன். வேலை இல்லை என்பதற்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர்தான் அது.

கம்பெனி ஏன் மூடியது என்று கேட்பவர்களிடம் மார்க்கெட் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் முதல் நாளே நாங்கள் செய்த ஒரு வேலைதான் பெரிய காரணம். ஆளுக்குப் பாதி என்று பங்கைப் பிரித்துக்கொண்டோம், அதைத் தாண்டி ஒரு வரி எழுதவில்லை. வழக்கமாக இதற்கு வெஸ்டிங் என்று ஒன்று வைப்பார்கள். பங்கு முழுக்கக் கைக்கு வர நான்கு வருடம், முதல் வருடம் முடிவதற்குள் கிளம்பினால் ஒன்றுமே கிடையாது. எங்களுக்கு அது தெரியாமல் இல்லை, நமக்குள் எதற்கு இதெல்லாம் என்று விட்டோம். ஒன்பதாவது மாதம் அவனுக்கு நல்ல வேலை கிடைத்தது, போனான், தப்பே சொல்ல மாட்டேன், அவனுக்கும் வீட்டுக் கடன் இருந்தது. ஆனால் பாதிப் பங்கு அவன் பெயரிலேயே இருந்தது. பிறகு பணம் போட வந்த இரண்டு பேரும் பங்குதாரர் பட்டியலைப் பார்த்தார்கள், உழைக்காத ஆளிடம் 50 சதவீதம் இருக்கிறதே என்று கேட்டார்கள், அதோடு சரி. இதற்கு நடுவில் வாடிக்கையாளர்கள் 90 நாள் கழித்துப் பணம் தருவார்கள், சம்பளமோ 30ஆம் தேதி போயாக வேண்டும். லாபம் காகிதத்தில் இருந்தது.

சரி, ஷீட்டுக்கு வருகிறேன். என் கட்டத்தை மறுபடி மாற்றலாம் என்று போனபோது தெரியாமல் எடிட் ஹிஸ்டரியைத் திறந்துவிட்டேன். ஒரு கட்டத்தில் யார் என்ன எழுதி எதை அழித்தார்கள் என்று அது நேரத்தோடு காட்டும். எங்கள் வகுப்பில் நான் ரொம்பப் பொறாமைப்பட்ட ஒருவனுடைய வரிசையில், இரவு 11.42க்கு 'வேலையை விட்டுவிட்டேன், அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன்' என்று இருந்தது. 11.46க்கு அதை அழித்துப் பழைய கம்பெனியின் பெயரைப் போட்டிருக்கிறான். இன்னொருத்தி 'தீசிஸ், ஏழாவது வருடம், கேட்காதீர்கள்' என்று எழுதி, அதை 'ஆராய்ச்சி' என்று சுருக்கியிருந்தாள். அடுத்தவர் டைரியைப் படித்தது போல இருந்தது. என்னுடைய நாலு திருத்தங்களும் இதே மாதிரி எல்லோருக்கும் தெரியுமே என்பது அப்புறம்தான் உறைத்தது.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, 'கம்பெனியை மூடிவிட்டேன், வேலை தேடுகிறேன்' என்று போட்டேன். குரூப்பில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நெருங்கிய நாலைந்து பேர் உட்பட. மறுநாள் தனி மெசேஜ் அனுப்பியவன் யார் என்றால், லேபில் பக்கத்து மேஜையில் நின்றவன், நான்கு வருடத்தில் மொத்தம் நாலு வார்த்தை பேசியிருப்போம். "ரெஸ்யூம் அனுப்புடா. கேப்னு பூசி மெழுகாதே, நடத்தினேன், மூடினேன்னு நேரா எழுது" என்றான்.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரையில் இதே விஷயம்தான் இருக்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான், மற்றவர்கள் எல்லாம் எப்போதாவது, அல்லது அபூர்வமாக. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்த அதே இடங்கள்தான் தெரியும், தூரத்து ஆளுக்குத்தான் வேறு வாசல் தெரியும் என்பது அவர் வாதம். கல்லூரியில் படித்ததுதான், பரீட்சைக்கு எழுதி மறந்துவிட்டேன்.

அவனுக்கு ரெஸ்யூம் அனுப்பினேன், செவ்வாய்க்கிழமை இன்டர்வியூவின் இரண்டாவது ரவுண்ட் இருக்கிறது. கிடைக்குமா தெரியாது, முதல் ரவுண்டில் பாதி நேரம் பங்கு பிரித்த கதையைத்தான் கேட்டார்கள்.

அப்பாவைப் பார்த்துக்கொள்பவனுக்கு நேற்று போன் செய்தேன். ஹிஸ்டரியைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. சும்மாதான்டா கூப்பிட்டேன் என்றேன், முக்கால் மணி நேரம் பேசினான், நடுவில் இரண்டு தடவை "இரு, மாத்திரை கொடுத்துட்டு வரேன்" என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போய் வந்தான். ஷீட்டில் இப்போது 41 வரிசை நிரம்பியிருக்கிறது. அவனுடையதில் பழைய கம்பெனி பெயர்தான் இன்னும்.