காஷ்மீர்க் கேள்விக்கு விடை எழுதக் கற்றுக்கொண்ட விதம்: ஓர் இயக்கத்தை மட்டும் ஆழப் படித்த அனுபவம்

குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவள் நான். பொது அறிவு மூன்றாம் தாளில் வரும் உள்நாட்டுப் பாதுகாப்புப் பகுதியை முதல் முயற்சியில் எப்படிப் படித்தேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஜம்மு காஷ்மீரில் இயங்கிய ஆயுதக் குழுக்களின் பெயர், தொடங்கிய ஆண்டு, தலைவர், தடை செய்யப்பட்ட ஆண்டு என்று நிரப்பி மனப்பாடம் செய்தேன். மாதிரித் தேர்வொன்றில், 1980களின் இறுதியில் அங்கே ஆயுதக் கிளர்ச்சி உருவானதற்கான உள்நாட்டு, வெளிநாட்டுக் காரணங்களை ஆராயச் சொன்ன பதினைந்து மதிப்பெண் கேள்விக்கு, அந்தக் கட்டத்தையே உரைநடையாக்கி மூன்று பக்கத்தையும் நிரப்பிவிட்டு வந்தேன். கிடைத்தது நாலரை. ஜம்மு காஷ்மீர் விடுதலை முன்னணியையும் ஹிஸ்புல் முஜாகிதீனையும் சேர்த்து 'பாகிஸ்தானுடன் இணையக் கோரிய அமைப்புகள்' என்று நான் எழுதியிருந்த இடத்தைத் திருத்தியவர் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் 'இரண்டின் கோரிக்கையும் ஒன்றா?' என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஒன்றல்ல என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதமும் கட்டத்தைத் தூக்கி வைத்துவிட்டு, ஜே.கே.எல்.எஃப். என்று செய்திகளில் வரும் அந்த முன்னணியை மட்டும் படித்தேன். ஒரே இயக்கத்துக்கு இவ்வளவு நேரமா என்று உடன் படித்த தோழி கேட்டாள். ஆனால் எல்லைப் பகுதிப் பிரிவினைவாதம் பற்றி எந்தக் கோணத்தில் கேள்வி வந்தாலும் கைகொடுத்தது அந்த ஒரு மாதத்துப் படிப்புதான்.

முதலில் கோரிக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடங்கிய ஆண்டு பிறகு வரட்டும். 1977இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் அமானுல்லா கான் முதலியோர் தொடங்கிய இந்த முன்னணி, பழைய ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் எல்லாப் பகுதிகளும், அதாவது பாகிஸ்தான் வசம் உள்ளவையும் சேர்ந்து, இரு நாடுகளிலிருந்தும் விலகித் தனி நாடாக வேண்டும் என்றது. அமானுல்லா கில்கித் பகுதியைச் சேர்ந்தவர். இயக்கத்தின் முன்னோடியாகக் கருதப்படும் மக்பூல் பட், இந்தியா வசமும் பாகிஸ்தான் வசமும் உள்ள பகுதிகளைப் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் குப்வாராவின் திரேகாம் ஊர்க்காரர். கோட்டின் இரு பக்கத்தையும் சேர்ந்தவர்கள் என்பதை வரைபடத்தில் பார்த்தபோதுதான், இந்தக் கோரிக்கை இஸ்லாமாபாத்துக்கும் ஏன் கசந்தது என்பது எனக்கு உறைத்தது.

1984 பிப்ரவரியின் நிகழ்வுகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்க வேண்டும். மக்பூல் பட்டை விடுவிக்கக் கோரியவர்களால் பர்மிங்காமில் இந்தியத் தூதரக அதிகாரி ரவீந்திர மாத்ரே கடத்திக் கொல்லப்பட்டார். கொலை வழக்கில் ஏற்கெனவே மரண தண்டனை பெற்றிருந்த மக்பூல் பட் அடுத்த சில நாள்களில், பிப்ரவரி 11 அன்று, திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு அந்தத் தண்டனையை விதித்த நீதிபதி நீலகண்ட கஞ்சூ 1989 நவம்பரில் ஸ்ரீநகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறாண்டுக்குள் நடந்த இந்த மூன்றையும் நான் முதலில் தனித்தனித் துணுக்குகளாகவே மனப்பாடம் செய்திருந்தேன்.

உள்நாட்டுக் காரணங்களுக்கு 1987 சட்டமன்றத் தேர்தலைவிடப் பொருத்தமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. தேசிய மாநாட்டுக் கட்சியும் காங்கிரசும் கூட்டணி அமைத்துப் போட்டியிட்ட அந்தத் தேர்தலில் பரவலாக முறைகேடு நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. எதிர்த்து நின்ற முஸ்லிம் ஐக்கிய முன்னணி என்ற அணிக்குக் கிடைத்தது நான்கே இடங்கள். ஸ்ரீநகரின் அமீரா கதல் தொகுதியில் அந்த அணியின் வேட்பாளராக நின்று தோற்றவர் முகமது யூசுப் ஷா. அவருக்காக வேலை செய்த இளைஞர்களில் ஒருவர் யாசின் மாலிக். வேட்பாளர் பிற்காலத்தில் சையது சலாவுதீன் என்ற பெயரில், பாகிஸ்தானுடன் இணைப்புக் கோரிய ஹிஸ்புல் முஜாகிதீனின் தலைவரானார். அவருக்காக உழைத்த மாலிக்கோ தனி நாடு கேட்ட முன்னணியின் முகமானார். ஒரே தொகுதியில் ஒரே தோல்வியைச் சந்தித்த இருவர், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரு கோரிக்கைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்த ஒரு தொகுதியை இரண்டு வரியில் எழுதிவிட்டால், 'மக்களாட்சி வழியில் நம்பிக்கை இழந்த இளைஞர்கள்' என்று எல்லோரும் எழுதும் தேய்ந்த வாக்கியத்துக்கு வேலையே இல்லை.

வெளிநாட்டுக் காரணமும் இதே கதையோடு பின்னிக் கிடக்கிறது. கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர்கள் 1988இல் தாக்குதல்களைத் தொடங்கினர். 1989 பிப்ரவரியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானைவிட்டு வெளியேறியதும் அங்கே புழங்கிய ஆயுதங்களும் ஆட்களும் இந்தப் பக்கம் திரும்ப வழி பிறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று உள்துறை அமைச்சர் முப்தி முகமது சயீதின் மகளை முன்னணியினர் கடத்த, சிறையிலிருந்த ஐந்து பேரை விடுவித்து அரசு அவரை மீட்டது. அடுத்த மாதம் ஸ்ரீநகரில் விமானப் படையினர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். காஷ்மீரி இந்துக்களான பண்டிதர் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகப் பள்ளத்தாக்கைவிட்டு வெளியேறின. 1990இலேயே ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டமும் ஜம்மு காஷ்மீருக்கு வந்தது. பண்டிதர்களின் வெளியேற்றத்தையும் பாதுகாப்புப் படையினர்மீது எழுந்த மனித உரிமைப் புகார்களையும் ஒன்றுக்கு ஒன்று பதிலாக எழுதாமல் இரண்டையுமே எழுதுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் விடை கட்சிப் பேச்சாகிவிடும்.

இதற்குப் பிந்தைய பகுதியைப் பெரும்பாலோர் படிப்பதில்லை; நானும் படிக்காமல்தான் இருந்தேன். தனி நாடு என்ற கோரிக்கை பாகிஸ்தானுக்கு உவப்பாக இல்லாததால், அதன் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ. தன் ஆதரவை இணைப்புக் கோரிய ஹிஸ்புல் பக்கம் மாற்றியது. 1992 பிப்ரவரியில், மக்பூல் பட்டின் நினைவு நாளையொட்டி அமானுல்லா கான் ஆதரவாளர்களைத் திரட்டிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடக்கப் புறப்பட்டபோது, சுட்டுத் தடுத்தவர்கள் பாகிஸ்தான் படையினர். இந்தியப் படைகளின் நடவடிக்கை ஒரு பக்கமும் ஹிஸ்புல்லுடனான மோதல் மறுபக்கமுமாக நெருக்கியதில் முன்னணி நலிந்தது. 1994இல் சிறையிலிருந்து வெளிவந்த யாசின் மாலிக் ஆயுதத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அதை அமானுல்லா தரப்பு ஏற்காததால் இயக்கம் பிளந்தது. பாடத்திட்டத்தில் 'வெளிநாட்டு அரசுகள், அரசு சாராச் செயல்பாட்டாளர்களின் பங்கு' என்று ஒரு வரி வருகிறதே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. உதவி செய்யும் நாடு எந்தக் கோரிக்கை உயிர்வாழ வேண்டும் என்பதையும் தீர்மானிக்கப் பார்க்கிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் அச்சாகிறது. கலைச்சொல்லை நாமேதான் தமிழாக்கிக்கொள்கிறோம். நாளிதழ்களில் படித்த பழக்கத்தில் எல்லாவற்றையும் 'தடை செய்யப்பட்ட இயக்கம்' என்றே எழுதி வந்தேன். சட்டத்தில் அது இரண்டு வகை. 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் (உபா) மூன்றாம் பிரிவின்கீழ் ஓர் அமைப்பைச் 'சட்டவிரோத அமைப்பு' என்று அறிவிக்கலாம். அதை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைக் கொண்ட தீர்ப்பாயம் ஆறு மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். தடைக்குக் கால வரம்பும் உண்டு. முதல் அட்டவணையில் சேர்க்கப்படும் 'பயங்கரவாத அமைப்பு' வேறு. ஹிஸ்புல் முஜாகிதீன் அந்த அட்டவணையில் இருக்கிறது. யாசின் மாலிக் தலைமையிலான முன்னணியோ 2019 மார்ச்சில் மூன்றாம் பிரிவின்கீழ் ஐந்தாண்டுக்குத் தடை செய்யப்பட்டு, 2024 மார்ச்சில் அந்தத் தடை மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கப்பட்டது. மாலிக்குக்கு 2022 மே மாதம் ஆயுள் தண்டனை கிடைத்தது பயங்கரவாத நிதி வழக்கில். அமைப்பின்மீதான தடையையும் தனிமனிதர்மீதான வழக்கையும் ஒன்றாக்கிக் குழப்பி எழுதி, இன்னொரு மாதிரித் தேர்விலும் நான் மதிப்பெண் இழந்திருக்கிறேன். இந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் முதல் நாளிலேயே முடிவு செய்து, கடைசி வரை மாற்றாமல் பயன்படுத்துங்கள். 'விடுதலை முன்னணி' என்பதையும் பெயராக மட்டும் எழுதுங்கள். 'விடுதலைப் போராட்டம்' என்று உங்கள் வாக்கியத்தில் வந்துவிட்டால் அது உங்கள் கருத்தாகிவிடும்.

வரைபடத்துக்கு நான் ஒதுக்கியது ஒரு நிமிடம். மூன்று மணி நேரத்தில் இருபது கேள்வி. பதினைந்து மதிப்பெண் கேள்விக்குப் பதினொரு நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. இந்திய அரசு வெளியிடும் வரைபடத்தில் உள்ளபடி வெளிக்கோட்டை முழுமையாகப் போட்டு, அதற்குள்ளே கட்டுப்பாட்டுக் கோட்டைப் புள்ளிக்கோடாக, என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு நிறுத்துவேன். 1972 சிம்லா உடன்படிக்கைக்குப் பின் வரையப்பட்ட அந்தக் கோடு அதற்கு வடக்கே போவதில்லை. சியாச்சின் பனியாற்றுச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் அதைச் சீன எல்லைவரை இழுத்துக்கொண்டு போனவள் நான். பிறகு ஸ்ரீநகர், குப்வாரா, பாகிஸ்தான் வசம் உள்ள முசாபராபாத் என்று மூன்றே ஊர்கள். குப்வாராவிலிருந்து முசாபராபாத்துக்கு ஓர் அம்புக்குறி. தினமும் காலையில் தேநீர் ஆறுவதற்குள் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் இதை ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். இருபது நாளில் கை தானாகவே என்.ஜே. 9842இல் நின்றது.